32 வாரக் கர்ப்பம்: தடிப்பே இல்லாமல் உள்ளங்கை அரிப்பு

கேள்வி: ராத்திரியானால் உள்ளங்கை, உள்ளங்கால் தாங்க முடியாத அரிப்பு. சொறிந்த கீறல் தவிர தடிப்பு எதுவும் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமா?

பதில் 1: போதாதுங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. கல்லீரலில் பித்தநீர் தேங்கினால் இப்படித்தான் அரிக்கும். பைல் ஆசிட் (ரத்தத்தில் பித்த அமில அளவு), எல்எஃப்டி (கல்லீரல் செயல்பாட்டு டெஸ்ட்) இரண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பைல் ஆசிட் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடும். அதனால்தான் அந்த அளவு வந்தவங்களுக்கு 35, 36 வாரத்திலேயே பிரசவம் பார்ப்பாங்க.

பதில் 2: முதல் ரிசல்ட் நார்மல்னு விட்டுடாதீங்க. அரிப்பு முந்தும், ரத்தத்தில் பிந்தித்தான் தெரியும். அரிப்பு நிற்கலைன்னா ஒரு வாரத்தில் மறுபடி எடுக்கணும்.

பதில் 3: வயிறு விரிந்ததால் வந்த கோடுகளில் சிவந்த தடிப்பு வந்து, தொப்புளை மட்டும் விட்டிருந்தால் அது வேற தோல் பிரச்சினை, குழந்தைக்கு ஆபத்தில்லை. ஆனால் குழந்தை அசைவு குறைந்தால் ராத்திரின்னு பார்க்காமல் உடனே கிளம்புங்க.