சேம்பியன் லேசான ஆளப் புடிச்சா ரசிகன் கோவப்படலாமா? உங்க அனுபவத்த எழுதுங்க

செந்தூல்காரன்:

பாக்ஸிங்ல ஹெவிவெயிட் சேம்பியன் யார்கூட ஆடுறாருங்கிறத வச்சி இந்த கோலாலம்பூர்ல எத்தன மேசையில வாக்குவாதம் நடந்திருக்கும்னு சொல்லி முடியாது. கூட்டாளிங்க முகம் குடுத்துப் பேசாம போனதெல்லாம் நான் பாத்திருக்கேன். உங்களுக்கும் அப்படி எதாச்சும் நடந்திருந்தா கீழ எழுதுங்க. என்னோடது 2022 டிசம்பர்ல நடந்தது.

உலகக்கிண்ண சீசன் அது. அர்ஜெண்டினா ஆஸ்திரேலியா மேட்ச் நம்ம நேரம் விடியக்கால மூணு மணிக்கு, மெஸ்ஸி ஒரு கோல் போட்டு 2-1ன்னு முடிஞ்சிது, மாமாக் கடையில இருந்த பாதி பேரு மோட்டர எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாங்க. நாங்க ஒரு மேச மட்டும் எந்திரிக்கல, ஏன்னா அடுத்து லண்டன்ல டோட்டன்ஹாம் ஸ்டேடியத்துல சேம்பியன் டைசன் ஃபியூரியும் டெரெக் சிசோராவும் ஆடுற சண்ட. கடை டிவியில பந்து ஹைலைட்ஸ்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அத மாத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல, அதனால கூட்டாளி ஒருத்தன் அவன் போன சீனி டப்பாமேல சாய்ச்சி வச்சான், நாங்க எல்லாம் தலய ஒட்டி வச்சிக்கிட்டு பாத்தோம். தே தாரிக் ஆறி ஆடை கட்டிருச்சு, ஒருத்தனும் தொடல.

சண்டைய பாத்தவங்களுக்குத் தெரியும். அது சண்டையே இல்ல. சிசோரா நல்ல மனுஷன், நெஞ்சுரம் உள்ள ஆளு, அதுல எனக்கு மாத்துக் கருத்து கெடையாது. ஆனா 2011லயும் 2014லயும் ஃபியூரிகிட்ட ஏற்கெனவே தோத்தவரு. 2021ல ஜோசஃப் பார்க்கர்கிட்ட ரெண்டு தடவ தோத்தாரு. அந்த பார்க்கர 2022 செப்டம்பர்ல 11ஆவது ரவுண்டுல சாச்சது ஜோ ஜாய்ஸ். அந்த ஜாய்ஸ் அன்னைக்கு ரிங்குக்குப் பக்கத்துல உக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு இருக்காரு, அவரு மட்டுமில்ல, மத்த மூணு உலக சேம்பியன் பெல்ட்டையும் வச்சிருக்கிற உசிக்கும் அங்கதான் உக்காந்திருக்காரு! உள்ள என்னடான்னா சிசோரா கண்ணு வீங்கி, பத்தாவது ரவுண்டு முடியப் போற நேரத்துல ரெஃப்ரி நிப்பாட்டுற வரைக்கும் வாங்கிக்கிட்டே இருக்காரு. முடிஞ்ச ஒடனே ஃபியூரி கயித்துமேல சாஞ்சிக்கிட்டு உசிக்கப் பாத்து கத்துறாரு, உசிக் பதிலே பேசாம கண்ணு கொட்டாம அப்படியே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. கத்துறதுக்கு பதிலா அந்த ஆள உள்ள கூப்ட்டு ஆடியிருக்கலாமேன்னு நான் மேசையில குத்திட்டேன்.

போன வச்சிருந்த கூட்டாளிக்கு கோவம் வந்துருச்சு. அவன் ஃபியூரின்னா உசுர குடுப்பான். உசிக் ஆகஸ்ட்லதான் ஜெத்தாவுல முன்னாள் சேம்பியன் ஜோஷுவாகூட ஆடிட்டு ரெஸ்ட்டு வேணும் அடுத்த வருஷம் பாப்போம்னு சொல்லிட்டாரு, ஜோஷுவாகிட்ட பேசிப் பாத்தாங்க ஒத்துவரல, ஃபியூரி என்னா வீட்ல சும்மா உக்காந்திருக்கணுமான்னு கேட்டான். நான் ஜாய்ஸ் இருந்தாரே அதுக்கு என்னா சொல்றேன்னு கேட்டேன். சத்தம் ஏறிக்கிட்டே போச்சு.

அப்பதான் பக்கத்து மேசையில பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் திரும்பினாரு. செந்தூல் ரயில்வே பட்டறையில வேல செஞ்சி ரிட்டயர் ஆனவராம்.

"ஏன் தம்பி, அலி இங்க வந்து பக்னர்கூட ஆடுனாரே, அது மட்டும் என்னா?"

எங்க மேச அமைதியாயிருச்சு. முகம்மது அலியும் ஜோ பக்னரும் மெர்டேக்கா ஸ்டேடியத்துல ஆடுனது 1975 ஜூலை 1. எனக்கு அது படத்துல பாத்த விஷயம், அவரு நேர்ல உக்காந்து பாத்தவரு. அமெரிக்காவுல ராத்திரி டிவிக்கு வேணும்னு இங்க காலையிலயே வச்சிட்டாங்களாம், மேல கூரை இல்ல, ஏறு வெயிலு, சட்ட முதுகோட ஒட்டிக்கிச்சுன்னு சொன்னாரு. 15 ரவுண்டும் ஓடுச்சு. பக்னர் கைய முகத்துக்கு முன்னால தூக்கி வச்சவரு கீழ எறக்கவே இல்லயாம், "கதவ சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்துட்டான்"னு கைய தூக்கி காமிச்சாரு. அலி பாய்ண்ட்ல ஜெயிச்சாரு.

"அவன 1973லயே லாஸ் வேகாஸ்ல அடிச்சவருதான் அலி. தெரிஞ்ச ஆளத்தான் மறுபடி கூட்டியாந்தாங்க. அதுக்காக நாங்க போகாம இருந்தமா? ஃபிரேசியரயும் ஃபோர்மன்னயும் நமக்கு யாரு கொண்டாந்து காட்டப் போறா? அந்த மாதிரி சண்டதான் நம்ம ஊருக்கு வரும். அது வந்ததுனாலதான் நான் அலிய என் கண்ணால பாத்தேன்."

அது நியாயமான பேச்சு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அன்னைலேர்ந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒன்னுதான். அலி பக்னர்கூட ஆடுன அந்த 1975ல டைட்டில் சண்ட எத்தன தெரியுமா? நாலு. மார்ச்ல வெப்னர், மே மாசம் ரான் லைல், ஜூலையில இங்க பக்னர், அக்டோபர் 1 மணிலாவுல ஜோ ஃபிரேசியர். இங்க ஆடி சரியா மூணே மாசத்துல உயிர் போற மாதிரி ஒரு சண்ட. அப்படி ஆடுறவரு நடுவுல ஒரு பக்னர வச்சிக்கலாம், யாரும் வாயத் தொறக்க மாட்டோம். ஃபியூரி 2021ல ஒரே சண்ட, அது வைல்டர்கூட, சரி பெரிய சண்ட. 2022ல ரெண்டு, அதுல ஒன்னு இந்த சிசோரா. 2023ல ஒரே ஒன்னு, அதுவும் அதுக்கு முன்னால ஒரு புரோ பாக்ஸிங் சண்டகூட ஆடாத இங்கானூகூட. வருஷத்துக்கு ஒன்னு ரெண்டுதான் கெடைக்கும்னா, அந்த ஒன்ன இப்படி செலவு பண்ணுனா நமக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

---

பழைய கிளவுஸ்:

அண்ணே, நான் செராஸ் பக்கம், பள்ளிக்கூட காலத்துலேர்ந்து ஜிம்ல ஆடுனவன். உள்ள இருந்து பாத்தவனா சொல்றேன், லேசான ஆளுன்னு நாம வெளிய உக்காந்து பேசுறது ரிங்குல ஏறுனா செல்லாது.

எனக்கு நடந்தது இது. ஒரு அமெச்சூர் போட்டி, என் எதிராளி யாருன்னு ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே தெரியும், அவனுக்குன்னு மாஸ்டர் என்ன ரெடி பண்ணி வச்சிருந்தாரு. வெயிட் பாக்கிற அன்னைக்கு காலையில அவன் வரல. பதிலுக்கு ஒருத்தன போட்டாங்க, ஒல்லிப் பையன், பேரே கேள்விப்பட்டதில்ல, என் கூட்டாளிங்க எல்லாம் இன்னைக்கு சீக்கிரம் முடிச்சிட்டு பசியாறப் போலாம்டான்னு கைதட்டுறானுங்க. மாஸ்டர் மட்டும் என் கையில பேண்டேஜ் சுத்திக்கிட்டே "அவன் இடதுகை"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. பெல் அடிச்ச ஒடனே புரிஞ்சிருச்சு, என் முன்னங்காலு இருக்க வேண்டிய எடத்துல அவன் முன்னங்காலு நிக்கிது, நான் ஒரு அடி எடுத்து வச்சா அவன் பாதத்த மிதிக்கிறேன், கண்ண கீழ போட்ட நேரத்துல அவன் இடது கை நேரா நடுவுல வருது. என் ஜேப், அதான் முன்கையால நேரா விடுற குத்து, எல்லாம் அவன் கையிலதான் படுது. மூணு ரவுண்டும் அப்படியே போச்சு, பாய்ண்ட்ல தோத்தேன். அவன் அன்னைக்கு நல்லா ஆடுனான், அவ்வளவுதான்.

ஃபியூரிக்கே 2019ல அதான் நடந்துச்சு. ஓட்டோ வாலின், ஸ்வீடன்காரரு, இடதுகை. எல்லாரும் என்னா சொன்னாங்க, யாருய்யா இவன், இதெல்லாம் ஒரு சண்டையான்னு. மூணாவது ரவுண்டுல வலது புருவத்துக்கு மேல கிழிஞ்சி மிச்ச சண்ட முழுக்க ரத்தத்தோட ஆடுனாரு, முடிஞ்சப்புறம் 47 தையல். டாக்டர் மட்டும் நிப்பாட்டியிருந்தா வைல்டர்கூட ரெண்டாவது சண்டையே வந்திருக்காது. ஜோஷுவாவுக்கு 2019 ஜூன்ல என்னா ஆச்சு? அவர்கூட ஆட வேண்டிய மில்லர் போதமருந்து டெஸ்ட்டுல மாட்டி வெளிய போனாரு, கடைசி நேரத்துல ஆண்டி ருயிஸ் வந்தாரு, தொப்பையப் பாத்து சிரிச்சாங்க. நாலு தடவ கீழ விழுந்தாரு ஜோஷுவா. ஏழாவது ரவுண்டுல பெல்ட்டு போச்சு. நீங்க சொன்ன அந்த இங்கானூவும் மூணாவது ரவுண்டுல ஃபியூரிய உக்கார வச்சாருல்ல?

அப்புறம் இன்னொன்னு, ஆள முடிவு பண்றது பாக்ஸர் மட்டும் இல்ல. மேனேஜர், புரொமோட்டர், டிவிக்காரன், மறுசண்ட காண்ட்ராக்ட். 2021ல ஃபியூரியும் ஜோஷுவாவும் சவுதியில ஆடுறதா பேசி முடிச்சாச்சு, வைல்டர் காண்ட்ராக்ட்ட காட்டி வழக்காடி ஜெயிச்சாரு, மூணாவது சண்ட வைல்டர்கூடன்னு ஆயிருச்சு. அதுக்கு ஃபியூரிய திட்டுனா எப்படி?

---

பினாங்கு பொண்ணு:

செந்தூல் அண்ணன் சொன்ன அந்த பெரியவர் பேச்சு அப்படியே என் அனுபவம். ஹெவிவெயிட் இல்ல, ஆனா இதே விஷயம்தான். 2018 ஜூலை 15, பக்கியோ மத்தீசே சண்ட, புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரேனா. நானும் என் தம்பியும் சுங்கை நிபோங்லேர்ந்து ராத்திரி பஸ் புடிச்சி விடியக்காலயில கேஎல் டிபிஎஸ் பஸ் நிலையத்துல எறங்கி, அங்கயே மூஞ்சி கழுவிட்டு எல்ஆர்டி ரயில் ஏறுனோம், ஏன்னா அதுவும் அமெரிக்கா டிவிக்காக ஞாயித்துக்கெழம பகல்ல வச்சிருந்தாங்க. வழி பூரா தம்பி பொலம்பிக்கிட்டே வந்தான், மத்தீசே முடிஞ்சிபோன ஆளு அக்கா, பக்கியோவுக்கு 39 வயசு, ஜெயிக்கிற ஆளா பாத்து புடிச்சிருக்காங்கன்னு.

உள்ள ஃபிலிப்பினோக்காரங்க கூட்டம். அவங்க லீவு நாள்ல வந்தவங்க, வீட்டு வேல, ஃபேக்டரி வேல செய்றவங்க, சம்பளத்துல மிச்சம் புடிச்சி டிக்கெட்டு வாங்கி, கொடிய போத்திக்கிட்டு. எனக்கு முன்வரிசையில ஒரு அக்கா முதல் ரவுண்டுலேர்ந்தே நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க, பின்னால இருக்கிறவங்க உக்காரச் சொன்னா கேக்கல. மூணுல ஒரு தடவ, அஞ்சுல ஒரு தடவ மத்தீசே கீழ போனாரு. ஏழாவதுல கீழேர்ந்து மேல வந்த அந்த அப்பர்கட் வாங்கி அவரு முட்டி போட்டு வாயிலேர்ந்து பல்லுக்குப் போடுற கம்ஷீல்ட துப்பினப்ப அந்த அக்கா ரெண்டு கையாலயும் மூஞ்ச மூடிக்கிட்டு அழுதாங்க. பக்கியோ 2009க்கப்புறம் அன்னைக்குத்தான் ஒருத்தர பாய்ண்டுக்கு விடாம அடிச்சி நிப்பாட்டுனாரு. அந்தக் கூட்டத்துக்கிட்ட போயி இது பொறுக்கி எடுத்த சண்டன்னு சொல்ல எனக்கு வாய் வராது. என் தம்பி இன்னும் அதேதான் சொல்றான், நாங்க இன்னும் அதுக்கு சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்கோம்.

---

பழைய ரசிகன் பிரிக்பீல்ட்ஸ்:

நீங்க எல்லாம் பெல்ட்டு குடுக்கிற சங்கங்கள மறந்துட்டீங்க. நாலு சங்கம், நாலு பெல்ட்டு, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மேண்டட்டரி ஆளு, அதாவது சேம்பியன் கட்டாயம் ஆடியே ஆகணும்னு சங்கம் சொல்ற ஆளு. 2015 நவம்பர்ல ஃபியூரி ஜெர்மனிக்குப் போயி சேம்பியன் கிளிட்ச்கோவ அடிச்சாரு, உலகமே ஆடிப்போச்சு, ரெண்டு வாரம்கூட ஆகல ஐபிஎஃப் சங்கம் அவங்க பெல்ட்ட புடுங்கிட்டாங்க. ஏன்? கிளிட்ச்கோகூட மறுசண்டன்னு காண்ட்ராக்ட் இருக்கு, அவங்க சொன்ன கிளாஸ்கோவ்கூட ஆட முடியாது. பெரிய சண்டைய எடுத்ததுக்கு தண்டன! அந்த பெல்ட்டு கடைசியில சார்ல்ஸ் மார்ட்டின் கைக்குப் போச்சு, அதுவும் கிளாஸ்கோவ் முட்டி பெசகி விழுந்ததுனால. இதெல்லாம் பாத்துட்டு பாக்ஸர் எப்படி தைரியமா ஆள் தேடுவான்.

அதுக்காக எல்லாரும் யோக்கியம்னு சொல்லல. ரிடிக் போ 1992ல லெனாக்ஸ் லூயிஸ்கூட ஆட மாட்டேன்னு டபிள்யூபிசி சங்கத்து பெல்ட்ட குப்பத்தொட்டியில போட்டவரு. அந்த சண்ட புரோவுல கடைசி வரைக்கும் நடக்கவே இல்ல. 1988 ஒலிம்பிக் ஃபைனல்ல லூயிஸ் போவ நிப்பாட்டுனத நேரடி ஒளிபரப்புல பாத்த தலமுற நாங்க, அந்தக் கடன் எங்களுக்கு இன்னும் தீரல. அலிக்கும் ஒன்னு உண்டு, ஃபோர்மன் மறுசண்ட கேட்டாரு, குடுக்கவே இல்ல. கோப்மன், ரிச்சர்ட் டன்னுன்னு ஆடுனாரு.

---

செந்தூல்காரன்:

பழைய கிளவுஸ் தம்பி, 2021 வழக்குக்கு நான் ஃபியூரிய திட்டவே மாட்டேன். வாலின் விஷயமும் சரி. ரிங்குக்குள்ள ஏறுற எவனும் லேசான ஆளு இல்லங்கிறத முழுசா ஏத்துக்கிறேன், அந்த ஒல்லிப் பையன் கதைய படிச்சப்ப எனக்கே பாதம் கூசுச்சு.

ஆனா 2023ஐ யாரும் தொடலயே. உசிக்கும் ஃபியூரியும் ஏப்ரல் 29 வெம்ப்லின்னு பேச்சு போச்சு. ஃபியூரி தனக்கு 70 உசிக்குக்கு 30னு கேட்டாரு, அதுக்கும் உசிக் சரின்னாரு, அப்புறமும் மார்ச்ல ஒடஞ்சி போச்சு. இங்க பெல்ட்டு சங்கம் குறுக்க வரல, வழக்கு வரல. கடைசியில 2024 மே மாசம்தான் ரியாத்ல நடந்துச்சு, எப்படி ஒரு சண்ட அது, ஒம்பதாவது ரவுண்டுல ஃபியூரி கயித்துக்கு கயிறு தள்ளாடுனது யாருக்காச்சும் மறக்குமா? உசிக் ஜெயிச்சாரு, டிசம்பர்ல மறுபடியும் ஜெயிச்சாரு. அதே ஃபியூரி, வைல்டர எந்திரிச்சி எந்திரிச்சி அடிச்ச ஃபியூரி, நல்ல பதத்துல இருக்கும்போதே உசிக்க பாத்திருக்கணும். எனக்கு வேண்டியது அது ஒன்னுதான்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, ஃபோர்மன் விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா அந்த கோப்மன், டன் ஆடுன 1976லயும் அலி நாலு டைட்டில் சண்ட ஆடுனாரு, அதுல ஜிம்மி யங், கென் நார்ட்டன் மாதிரி கஷ்டமான ஆளுங்களும் இருக்காங்க.

---

பழைய கிளவுஸ்:

2023க்கு என்கிட்ட பதில் இல்லண்ணே, அது உங்களுக்கே. ஆனா சிசோராவ இதுல இழுக்காதீங்க. டோட்டன்ஹாம்ல அந்தக் குளுருல பத்து ரவுண்டு வாங்கிக்கிட்டு நின்னவரு, அதுக்கப்புறமும் ஆடி ஜெயிச்சாரு. கூப்ட்டாங்க, வந்தாரு. கூப்ட்டவன கேளுங்க.