2022இல் வந்த 4 பில்லியன் டொலர்: எங்கள் வீட்டுக்கு ஒரு பை அரிசிதானே வந்தது?

ஹட்டன்_மாணவி:
உயர்தரத்துக்குப் பொருளியல் படிக்கிறேன். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் இந்தியா மட்டும் ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் உதவியது என்று பாடக்குறிப்பில் இருக்கிறது. நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில். அம்மாவிடம் கேட்டேன். "லயத்துக்கு ஒரு தடவை தமிழ்நாட்டு அரிசியும் பால்மாவும் வந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். மீதி யார் கைக்குப் போனது?

வன்னி_அலுவலர்:
தங்கச்சி, அம்மா சொன்னதும் சரி, குறிப்பில் இருப்பதும் சரி. இரண்டும் வெவ்வேறு உதவி.

அம்மாவுக்குக் கிடைத்தது நன்கொடை. தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் தருவதாக அறிவித்தது. முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் அனுப்பினார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நான் அப்போது அபிவிருத்தி உத்தியோகத்தர். கிராம அலுவலரின் பட்டியலை வைத்துப் பங்கிட்டோம். மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த ஒரு வயதான அம்மாவின் பதிவு வேறு பிரிவில் இருந்தது. மாற்றிக் கொடுக்க இரண்டு கிழமை ஆனது. அதற்குள் அரிசி முடிந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அது மனக்குறைதான்.

4 பில்லியனில் பெரும்பகுதி கடன். மார்ச் மாதம் உணவுக்கும் மருந்துக்கும் 1 பில்லியன் டொலர் கடன் வசதி தந்தார்கள். இங்குள்ள இறக்குமதியாளர் இந்திய விற்பனையாளரிடம் பொருள் கேட்பார், இந்திய வங்கி அந்த விற்பனையாளருக்கு அங்கேயே பணம் கொடுக்கும், கடன் நம் அரசின் பெயரில் ஏறும். பணம் கடலைத் தாண்டவே இல்லை, பொருள்தான் தாண்டியது. எரிபொருளுக்கும் 500 மில்லியன் அப்படித்தான். 400 மில்லியன் நாணயப் பரிமாற்றமாக, அதாவது பிறகு திருப்பித் தரும் உறுதியில் நம் நாணயத்துக்கு மாற்றாகப் பெற்ற டொலராக, மத்திய வங்கியின் கையிருப்பில் நின்றது. ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகள் தங்களுக்குள் வர்த்தகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஆசியத் தீர்ப்பனவு ஒன்றியத்தின் வழியாக நாம் கட்டவேண்டிய தவணைகளைத் தள்ளிவைத்ததும் இதே கணக்கில் வரும்.

அப்பா வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்கிய பெற்றோலிலும் அந்த உதவி இருந்திருக்கும். பையில் பெயர் எழுதி வராததால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கொழும்பு_வாசகன்:
ஐ.நா.வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் 17 இலட்சம் பேருக்கு உதவ 47 மில்லியன் டொலர் வேண்டும் என்று கோரிக்கை விட்டது. 4 பில்லியனோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனால் அது மிகவும் நலிந்தவர்களைக் குறிவைத்தது.

ஹட்டன்_மாணவி:
நன்றி அண்ணா. ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடன் மட்டும் ஏன் 2023 வரை இழுபட்டது?

வன்னி_அலுவலர்:
அதில்தான் ராஜதந்திரம் வருகிறது. 2022 செப்டம்பர் 1இல் அதிகாரிகள் மட்டத்தில் உடன்பாடு ஆகிவிட்டது. ஆனால் நமக்கு முன்பே பெரிய அளவில் கடன் கொடுத்திருந்த நாடுகள், அந்தக் கடனில் விட்டுக்கொடுப்போம் என்று உறுதி தந்தால்தான் ஐ.எம்.எஃப். சபை ஒப்புதல் தரும். தான் முதலில் விட்டுக்கொடுத்தால் அந்தப் பணம் அடுத்தவருக்குப் போய்விடுமோ என்று ஒவ்வொருவருக்கும் தயக்கம். இந்தியா 2023 ஜனவரியில் எழுதிக் கொடுத்தது, சீனாவின் போதுமான உறுதி மார்ச்சில்தான் வந்தது. மார்ச் 20 அன்று ஏறக்குறைய 3 பில்லியனுக்கு ஒப்புதல். அதுவும் நான்கு வருடத்துக்குத் தவணை தவணையாக, முதலில் 330 மில்லியன் அளவில்.

அந்த ஆறு மாதம் காகிதத்தில் ஒரு வரி, எங்கள் சனத்துக்கு அப்படியில்லை. ஒப்புதலுக்கு முன்பே செய்துகாட்ட வேண்டியவையும் இருந்தன. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் 66 சதவீதம் ஏறியது அதற்காகத்தான். அந்த மாத பில் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.