'புறொக்சி'க்குத் தமிழ்ச் சொல்: 'வழக்குப் பொறுப்புப் பத்திரம்' எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

இலங்கை நீதிமன்றங்களில் ஒரு சட்டத்தரணியை (வழக்கறிஞரை) தன் வழக்குக்கு நியமிக்கக் கட்சிக்காரர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் தாள்தான் புறொக்சி (proxy). நம் சொற்பட்டியலுக்காக அதற்கு இதுவரை வந்த 'வக்காலத்து', 'பதிலிப் பத்திரம்', 'அற்றோணித் தத்துவம்' என்ற மூன்று பரிந்துரைகளையும் பார்த்தேன். எனக்கு மூன்றிலும் உடன்பாடில்லை.

முதலில் அந்தத் தாள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 27ஆம் பிரிவு: கட்சிக்காரர் கையொப்பமிட்ட எழுத்து மூலம் ஒரு சட்டத்தரணியை நியமித்து, அதை நீதிமன்றத்தில் கோவைப்படுத்த வேண்டும். பிறகு ஆளை மாற்ற நினைத்தால், அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் இரத்துச் செய்யலாம். 29ஆம் பிரிவு இன்னும் கனமானது. சட்டத்தரணியின் கந்தோரில் ஒரு அறிவித்தலைச் சேர்த்துவிட்டால், கட்சிக்காரருக்கே அது தெரிந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும்.

எங்கள் மலையகத் தோட்டப் பக்கத்தில் இதன் பாரம் தனி. லயத்து வீட்டுக்கென்று (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) முகவரி இல்லாமல், தோட்டக் கந்தோர் வழியாகவே கடிதம் வாங்கிப் பழகிய சனம். சட்டத்தரணி எழுதிய கடிதம் தவணை முடிந்தபின் கைக்கு வந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும்!

விவாகரத்து வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வந்த, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வராந்தாவிலேயே கையெழுத்துப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படிவம் முழுக்கச் சிங்களம். "புறொக்சிதான், கீழ போடுங்க, ஐயா பேசுவாரு" என்று சொன்னதோடு விளக்கம் முடிந்தது. இன்றைக்குப் பேசுவதற்குத்தான் அந்தத் தாள் என்று நினைத்து, அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆனாலும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழ்த் தரப்பினருக்கு மொழிபெயர்ப்பு கேட்க உரிமை உண்டு. கேட்கும்போது மொழிபெயர்ப்பாளர் வாயில் என்ன சொல் வரவேண்டும் என்பதுதான் என் கவலை.

சென்னை நண்பர் சொன்ன 'வக்காலத்து' அங்கே பொருத்தமான சொல், மறுக்கவில்லை. இங்கே "அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குற?" என்று சண்டையில் மட்டும்தான் அது வரும். 'பதிலிப் பத்திரம்' என்றால், பதில் நீதவானோடு (நீதவானுக்குப் பதிலாக அமர்பவர்) போய் ஒட்டிக்கொள்ளும். 'அற்றோணித் தத்துவம்' (power of attorney) வேறு ஆவணம். காணி விற்கவும் வங்கிக் காரியம் பார்க்கவும் கொடுப்பது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் ஆபத்து.

அதனால் 'வழக்குப் பொறுப்புப் பத்திரம்' என்கிறேன். "கேஸ் பொறுப்பை ஐயாகிட்ட குடுத்திருக்கேன்" என்று சனமே பேசுகிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்பதும் அதில் தெரிகிறது: இரத்துச் செய்வது 'பொறுப்பு மீட்பு'. கம்பனிச் சட்டத்தில் 'பொறுப்பு' வேறு பொருளில் வருகிறதே என்று கேட்பீர்கள். முன்னால் 'வழக்கு' நிற்பதால் குழப்பம் வராது.

இன்னொரு வசதியும் உண்டு. பிரக்கிராசி (proctor), அப்புக்காத்து (advocate) என்ற இரண்டு வழக்கறிஞர் வகுப்பையும் 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்றாக்கி, எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. நடைமுறையில் பிரிவினை போகவில்லை. பத்திரம் கோவைப்படுத்துபவர் ஒருவர், எழுந்து வாதாடுபவர் பெரும்பாலும் இன்னொருவர். வாதாட வருபவருக்கு இந்தப் பத்திரம் தேவையில்லை. முன்னவரைப் 'பொறுப்புச் சட்டத்தரணி' என்றால் தன் கடிதம் யாரிடம் போகிறது என்று கட்சிக்காரருக்குப் புரியும்.

சட்டத்தரணிகளின் நடத்தை பற்றி அரசியலமைப்பின் 136ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் 1988இல் ஆக்கிய விதிகளை விளக்கும்போதும் இதே சொற்களைப் பயன்படுத்தலாம். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் 'உயர்' உங்கள் 'உச்ச'.)

பட்டியலுக்கு என் வரைவு: வழக்குப் பொறுப்புப் பத்திரம் – வழக்கை நடத்தவும் அறிவித்தல்களை ஏற்கவும் ஒரு சட்டத்தரணிக்குக் கட்சிக்காரர் எழுத்தில் தரும் அதிகாரம், நீதிமன்ற அனுமதியின்றி மீட்க முடியாது.

'மீட்பு' அடகுக் கடையை நினைவூட்டுகிறது என்றால் 'பொறுப்பு நீக்கம்' என்றும் வைக்கலாம். எது நல்லது என்று பதுளை, கண்டிப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்.