பத்து பெரிங்கி கடலோரம்: பலகையில் 'நீந்தாதீர்' என்று மட்டும் போட்டால் போதுமா?

செந்தூல்_கவிதா
பள்ளி விடுமுறைக்கு பினாங்கு போயிருந்தோம். ஹோட்டல் பெயரைச் சொல்லப் போவதில்லை, என் சண்டை அந்த ஒரு ஹோட்டலோடு மட்டும் இல்லை.

சாயங்காலம், கடலோரம். என் மகன் முழங்கால் தண்ணீரில் நின்று விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று ஒரே அலறல். தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் கெண்டைக்காலில் சாட்டையால் அடித்தது போல நாலைந்து சிவப்புக் கோடுகள். ஒரு கோட்டின் மேல் நிறமே இல்லாத மெல்லிய இழை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹோட்டல் பையன் ஓடி வந்தான், பாவம், மினரல் வாட்டரை ஊற்றித் துண்டால் தேய்த்தான். குழந்தை இன்னும் கத்தினான். வினிகர் இருக்கிறதா என்று கேட்டால் கிச்சனில் கேட்க வேண்டும் என்றார்கள். கிளினிக்கில்தான் ஜெல்லி மீன் என்று சொன்னார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

கரையில் பலகை இல்லாமல் இல்லை. சிவப்புக் கோடு போட்ட நீச்சல் படம், 'அபாயம், நீந்தாதீர்'. என்ன அபாயம்? நீரோட்டமா, ஜெட் ஸ்கீயா? என் பிள்ளை நீந்தவில்லையே, நின்றான். இதே மாதிரி ஒரு பலகைதான் 2016இல் ஃப்ளோரிடா டிஸ்னி ரிசார்ட்டிலும் இருந்தது. அங்கே ஒரு குழந்தையை முதலை இழுத்துப் போனது பலருக்கு நினைவிருக்கும். என்ன மிருகம், என்ன ஆபத்து என்று பெயர் சொல்லி எழுத ஹோட்டல்களுக்கு என்ன கஷ்டம்?

ஃப்ரண்ட்டெஸ்க்_மணி
அக்கா, பிள்ளை நல்லா இருக்கான்னு கேட்டு சந்தோஷம். நானும் அந்த வரிசையில ஒரு ஹோட்டல்லதான் வேலை செய்றேன், அதனால எங்க பக்கத்தையும் கேளுங்க.

முதல்ல, கடற்கரை ஹோட்டல் சொத்து இல்ல. அது அரசாங்க நிலம். எங்க வேலியைத் தாண்டி மணல்ல கால் வச்சா யார் வேணும்னாலும் வரலாம், போகலாம். குதிரை விடுறவங்க, ஜெட் ஸ்கீ ஆளுங்க, பாராசெய்லிங் ஆளுங்க யாரும் எங்க ஆளுங்க கிடையாது.

ரெண்டாவது, பெயர் சொல்லி எழுதினா கேட்பாங்கன்னு நம்புறீங்களா? எங்க பால்கனி ஒவ்வொண்ணுலயும் குரங்குப் படம் போட்டு, தீனி போடாதீங்கன்னு மூணு மொழியில ஒட்டியிருக்கோம். காலையில பார்த்தா கெஸ்ட் ரொட்டியைப் பிச்சுப் பிச்சுக் கொடுத்துக்கிட்டு செல்ஃபி எடுக்கிறார். அவர் செக் அவுட் பண்ணிடுவார். மறுநாள் அதே ரூமுக்கு வர்ற குடும்பத்தோட பையை அந்தக் குரங்கு பிடுங்கும். திட்டு வாங்குறது நான். தண்ணீர்மலை பக்கம் போய்ப் பாருங்க, பலகைக்குக் கீழேயே நின்னு கடலை போடுவாங்க.

தெலுக்பாஹாங்_ராஜன்
ரெண்டு பேரும் ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு.

நான் சின்ன வயசுலேருந்து படகுல போறவன். கடல்னா அதுல சொறி மீன், அதான் நீங்க சொல்ற ஜெல்லி மீன், இருக்கும். வலை இழுக்கும்போது கயித்துல அதோட வால் சுத்திக்கிட்டு வரும். காய்ஞ்சு போச்சுன்னு நினைச்சு வெறும் கையால தொட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அதனாலதான் நாங்க முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு இழுக்குறோம். மழை பெய்ஞ்சு ஆத்துத் தண்ணி கலங்கி வர்ற சமயம், ஆத்து வாய்ப் பக்கம் பிள்ளைங்களை விட மாட்டோம். இதெல்லாம் யாரும் எங்களுக்குப் பலகை வச்சுச் சொல்லல. வர்றவங்க அங்க நிக்கிற படகுக்காரனை ஒரு வார்த்தை கேட்டா போதும்லா. யாரும் கேக்குறதில்ல.

செந்தூல்_கவிதா
ராஜன் அண்ணே, நீங்கள் சொல்வது உள்ளூர்க்காரருக்குச் சரி. செந்தூலிலிருந்து ரெண்டு நாளைக்கு வருகிறவளுக்கு எது ஆற்று வாய் என்றே தெரியாது.

மணி, ஃப்ளோரிடாவில் என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்கிறேன். 2016 ஜூன் 14, இரவு 9 மணி வாக்கில். ரிசார்ட்டின் செயற்கை ஏரிக்கரை மணலில் விருந்தினர்களுக்காகத் திறந்தவெளிப் படக்காட்சி. இரண்டு வயதுக் குழந்தை கரையோரம், கால் நனையும் தண்ணீரில். முதலை (அங்கே அலிகேட்டர் இனம்) பிடித்து இழுத்துப் போய்விட்டது. அப்பா தண்ணீரில் இறங்கிப் போராடியும் முடியவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது. கரையில் இருந்தது 'நீந்தக் கூடாது' பலகை. முதலை என்ற சொல் அதில் இல்லை. அந்த இனம் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரைதான் அதிகம் நடமாடும். அந்த நேரத்தில் அதே தண்ணீர் ஓரத்தில் குடும்பங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்!

சில நாளுக்குள் முதலை, பாம்பு என்று படத்தோடு பலகை வந்தது, வேலி வந்தது, பிறகு கரையோரம் பாறைகள் அடுக்கினார்கள். சில நாளில் செய்ய முடிந்ததை முன்பே செய்ய முடியாதா? இதுதான் என் கேள்வி.

ஃப்ரண்ட்டெஸ்க்_மணி
அக்கா, ஃப்ளோரிடா முழுக்க ஏறக்குறைய 13 லட்சம் அலிகேட்டர் இருக்குன்னு அந்த மாநில வனவிலங்குத் துறையே சொல்லுது. மாநிலத்துல இருக்கிற 67 கவுண்டியிலயும் (மாவட்டம் மாதிரி) இருக்கு. அங்க ஏரின்னா முதலை இருக்கும்னு உள்ளூர்ல எல்லாருக்கும் தெரியும். இங்க அப்படியா? அந்தக் குடும்பமே டிஸ்னி மேல வழக்குப் போடல, அதையும் சொல்லுங்க.

அப்புறம் பலகைன்னு ஆரம்பிச்சா எதை விடுறது? ஜெல்லி மீன், குரங்கு, உடும்பு, பாம்பு, தெருநாய், இடி மின்னல், தென்னமரத்துலேர்ந்து காய் விழும். எல்லாத்தையும் எழுதினா ஒரு சுவரே வேணும். ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. ஜெல்லி மீன் படத்தைப் பெருசா வச்சா புக்கிங் கேன்சல் ஆகும், அதை என் மேனேஜர்கிட்ட யார் சொல்றது?

சட்டப்பித்தன்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வழக்குப் போடவில்லை என்பதும் தவறு இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்தப் பெற்றோர் போடவில்லை, அவ்வளவுதான்.

நம் மலேசியாவிலும் இடத்தை வைத்திருப்பவருக்கு வருகிறவரிடம் கவனக் கடமை உண்டு. இதில் முக்கியமான வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் ஆபத்து, தெரியாத ஆபத்து. அலை அடிக்கிறது, எவருக்கும் தெரியும். தென்னை மரமும் தெரியும். ஒளி ஊடுருவும் ஜெல்லி மீன் கலங்கிய தண்ணீரில் யாருக்கும் தெரியாது. அது அங்கே வழக்கமாக வரும் என்பது ஹோட்டலுக்குத் தெரியும், விருந்தினருக்குத் தெரியாது. எச்சரிக்கை வேண்டியது அங்கேதான். மணி போட்ட பட்டியலில் பாதி இப்படியே கழிந்துவிடும்.

மணல் அரசு நிலம் என்பது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் கடலைக் காட்டி, சாய்வு நாற்காலியை அந்த மணலில் போட்டு, துண்டும் கொடுத்து அனுப்பிவிட்டு, 'அது எங்கள் இடம் இல்லை' என்றால் நீதிபதி எவ்வளவு தூரம் ஏற்பார் என்பது சந்தேகம். 'சொந்தப் பொறுப்பில்' என்று ரசீதில் அச்சடிப்பதையும் பெரிய கவசமாக நினைக்காதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றி 2010 திருத்தத்தில் தனிப் பகுதியே சேர்த்திருக்கிறார்கள்.

பட்டர்வொர்த்_பாலா
எல்லாரும் ஜெல்லி மீனையே பிடிச்சுக்கிட்டீங்க. தஞ்சோங் பூங்கா பக்கம் முதலைன்னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்துதே, பார்த்தீங்களா? இனிமே கடல் பக்கமே போக மாட்டேன். ஜெல்லி மீன் கடிக்கு ஒண்ணுக்குப் போனா சரியாயிடும்னு சொல்வாங்க, இதுக்குப் போய் வழக்கா?

தெலுக்பாஹாங்_ராஜன்
அந்த வீடியோவைப் பார்த்தேன். அது பியாவாக், உடும்பு. தலை ஒல்லியா இருக்கு, நாக்கை நீட்டி நீட்டி உள்ள இழுக்குது. முதலை அப்படி நாக்கை நீட்டாது. கால்வாய் ஓரம் மீன் குடல் தின்னுக்கிட்டுத் திரியும், ஆளைக் கண்டா ஓடும்.

அதுக்காக முதலையே இல்லைன்னு சொல்லல. உப்புத் தண்ணி முதலை கடல்லயே நீந்திப் போற ஜாதி. நம்ம பக்கமும் எப்பவாவது ஒண்ணு தெரிஞ்சதுன்னு பேச்சு வரும். பார்த்தா கல்லெறியாம பெர்ஹிலித்தானுக்கோ (வனவிலங்குத் துறை) பொம்பாவுக்கோ (தீயணைப்புப் படை) போன் அடிங்க. அது பாதுகாக்கப்பட்ட மிருகம், நீங்களா கைவைக்க முடியாது.

நர்ஸ்_செல்வி
பாலா தம்பி, சிறுநீர் கதையைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அவசரப் பிரிவில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஜெல்லி மீன் இழையில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கும். தோலில் ஒட்டியதில் எல்லாமே உடனே வெடித்துவிடுவதில்லை. நல்ல தண்ணீர் ஊற்றினால், துண்டாலோ மணலாலோ தேய்த்தால் மிச்சமிருப்பதும் வெடித்து விஷம் இன்னும் ஏறும். கவிதாவின் மகன் தண்ணீர் ஊற்றியதும் அதிகமாகக் கத்தியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நம் கடலில் பயப்பட வேண்டியது பெட்டி வடிவ ஜெல்லி மீனுக்குத்தான். அதற்கு வினிகரைக் குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்ற வேண்டும். அதன்பிறகு இழையைக் கிள்ளியாலோ கையுறை போட்டோ எடுக்கலாம். ஒன்று புரிந்துகொள்ளுங்கள்: வினிகர் வெடிக்காத செல்களை அடக்கும், ஏற்கெனவே ஏறிய விஷத்தை எடுக்காது, வலியையும் குறைக்காது. நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது, மயங்குகிறார் என்றால் 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள். மூச்சு நின்றால் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். பெரிய பெட்டி ஜெல்லி மீன் சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்தக்கூடியது. 2010இல் லங்காவியில் ஒரு சுவீடன் நாட்டுப் பயணி இப்படித்தான் இறந்தார். கொட்டிய உடனே வலி குறைவாக இருந்து அரை மணி நேரம் கழித்து முதுகுவலி, வாந்தி வருவதும் உண்டு, அதனால் பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு நகராதீர்கள்.

குரங்கு கடித்தால், கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக் போங்கள்.

மணி, உங்களிடம் ஒரே கேள்வி. உங்கள் கடலோர முதலுதவிப் பெட்டியில் வினிகர் இருக்கிறதா?

ஃப்ரண்ட்டெஸ்க்_மணி
இல்ல அக்கா. பெட்டியில பிளாஸ்டர், மஞ்சள் மருந்து, பஞ்சு, காலாவதியான ஒரு களிம்பு. இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

ஆனா பலகை விஷயத்துல நான் இறங்கி வரல. கெஸ்ட் பயந்துடுவாங்க.

செந்தூல்_கவிதா
ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து கடற்கரைகளில் ஜெல்லி மீன் படத்தையே பலகையில் போட்டிருக்கிறார்கள். சீசனில் கடலுக்குள் வலை கட்டி, வலைக்குள்தான் குளிக்கச் சொல்கிறார்கள், கரையில் வினிகர் வைத்திருக்கிறார்கள். கூட்டம் குறைந்ததா? தாய்லாந்துத் தீவுகளில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள், நம் ஆட்கள்தான் வரிசையில் நின்று அங்கே போகிறார்கள். இங்கே தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரையில் குளிக்காதே, ஜெல்லி மீன் இருக்கிறது என்று சொல்லத்தான் செய்கிறார்கள், ஆனாலும் ஜனங்கள் நடந்து போய் ஆமைக் காப்பகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

குரங்கு உதாரணத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரொட்டி கொடுக்கிறவருக்குக் குரங்கு எதிரே நிற்பது தெரியும், தெரிந்தே செய்கிறார், அவருக்கு அபராதம் போடுங்கள். எனக்குத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

தெலுக்பாஹாங்_ராஜன்
தங்கச்சி சொல்றதுல இந்த ஒண்ணு சரி. ஆனா வருஷம் பூரா ஒரே பலகை நின்னா அதுவும் சுவர்ல ஒட்டின காலண்டர்தான். எங்க ஊர்லயே சயின்ஸ் யுனிவர்சிட்டியோட கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஜெல்லி மீனை ஆராய்ச்சி பண்றாங்க. படகுக்காரங்க தினம் கடலுக்குப் போறோம். அன்னிக்கு வலையில சொறி ஏறுச்சுன்னா ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டா போதும், அவங்க கொடி ஏத்தட்டும். போன் பண்ண நான் தயார். எடுக்கிறது யாரு?

ஃப்ரண்ட்டெஸ்க்_மணி
என் டெஸ்க் நம்பர் உள்பெட்டியில அனுப்புறேன் அண்ணே. காலையில ஏழு மணிக்கு முன்னால அடிங்க, ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள செக்யூரிட்டிகிட்ட சொல்லிடலாம். கொடி வாங்க மேனேஜர் ஒத்துக்குவாரான்னு தெரியல, வினிகர் ரெண்டு பாட்டில் கிச்சன்லேருந்து நானே எடுத்து வச்சுட்டேன். செல்வி அக்கா, வெயில்ல வச்சா கெட்டுப் போகுமா?

நர்ஸ்_செல்வி
அவ்வளவு சீக்கிரம் கெடாது, மூடி இறுக்கமாக இருக்கட்டும். சமையல் வினிகரே போதும். ரெண்டு பாட்டில் பற்றாது, ஒரு பெரியவரின் காலுக்கே ஒரு பாட்டில் போய்விடும். டவல் கொடுக்கிற பையன்களுக்கு எப்படி ஊற்றுவது என்று முதலில் சொல்லிக் கொடுங்கள்.

பட்டர்வொர்த்_பாலா
அப்போ அந்த வீடியோ உடும்புதானா? உறுதியா?