தை முகூர்த்தம்: மேடைக்கு நிஜப் பூவா, செயற்கைப் பூவா?

பெண்ணின் அக்கா (சென்னை) கேட்கிறார்:

வணக்கம். தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் மதுரையில் என் தங்கைக்குத் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். அப்பாவுக்கு மூட்டுவலி, அலைய முடியாது. மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டன. பூவில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அலங்காரக்காரர் இரண்டு கணக்கு கொடுத்திருக்கிறார். வரவேற்பு மேடை, மணவறை, நுழைவாயில் மூன்றுக்கும் நிஜப் பூ என்றால் 1,30,000 ரூபாய். செயற்கைப் பூ என்றால் 48,000. மாலைகளும் தலைப்பூவும் இரண்டிலுமே சேராது. "தையில் மல்லிகை என்ன விலைக்குப் போகும் என்று எனக்கே தெரியாதுங்க அக்கா, கூடினால் மேற்கொண்டு கேட்பேன்" என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார். கைப்பேசியில் அவர் காட்டிய படங்களில் எது நிஜம், எது துணி என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், துணிப்பூ மேடைதான் எனக்கு அழகாகத் தெரிந்தது.

அம்மா செயற்கையே போதும் என்கிறார். ஒரு ராத்திரியில் வாடிக் குப்பைக்குப் போவதற்கா ஒரு லட்சம் என்பது அவர் கேள்வி. சித்தப்பாவோ, 2013இல் மல்லிகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் பிளாஸ்டிக் மல்லிகையைத் தொங்கவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்று குதிக்கிறார். (அவர் பணம் தருவதாக இதுவரை சொல்லவில்லை.) தங்கையைக் கேட்டால், "தலையில் வைப்பது மட்டும் நிஜமாக இருக்கட்டும், மற்றதெல்லாம் உன் இஷ்டம்" என்று தப்பித்துக்கொள்கிறாள். அவளுக்குப் பூஜடை தைக்க வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. அதுவும் வாடகைக்குச் செயற்கையில் கிடைக்கிறதாம்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன செய்தீர்கள்? பிறகு வருத்தப்பட்டீர்களா?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர் (திருச்சி):

என் மகளுக்குச் செயற்கைதான் வைத்தோம். ஒரு வருத்தமும் இல்லை. வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், மாப்பிள்ளையின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். பூவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரே ஒரு குறை. முதலில் காட்டிய பூ வேறு, வந்து இறங்கிய பூ வேறு. சாமந்திச் சரங்களில் தூசி படிந்து, முந்தைய கல்யாணத்தின் சாம்பிராணி வாசனையோடு வந்தன. என் மைத்துனர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு துடைக்க உட்கார்ந்துவிட்டார். அதனால் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். அவருடைய கிடங்குக்கே ஆளனுப்பிச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாலைகட்டி வீட்டுப் பிள்ளை (மதுரை):

தாத்தா காலத்திலிருந்து மாலை கட்டுகிற வீடு எங்களுடையது. விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நின்றால்தான் எங்களுக்கு அன்றைக்குச் சோறு. ஆனாலும் சொல்கிறேன் அக்கா, தை மாதத்தில் மேடைக்கு மல்லிகை வாங்காதீர்கள். அது காசைக் கரியாக்குகிற வேலை.

மல்லிகைக்குப் பனி ஆகாது. கார்த்திகை வாக்கில் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுவார்கள். அது புதுத் துளிர் விட்டு, வெயில் ஏறிய பிறகுதான் மொட்டாகக் கொட்டும். பங்குனி, சித்திரையில் பூ வந்து குவியும், எடுக்க ஆளிருக்காது. தையில் நிலக்கோட்டையிலிருந்து வருகிற மூட்டையே சிறுத்துப்போயிருக்கும். முகூர்த்தமும் பொங்கலும் அதே மாதத்தில்தான். நூறுகளில் விற்ற பூ ஆயிரங்களில் நிற்கும். நாங்களே கூடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சம்பங்கிப் பக்கம் திரும்பிவிடுவோம். உங்கள் அலங்காரக்காரர் பயப்படுவதில் தப்பே இல்லை.

இன்னொன்றை ஊரில் பாதிப் பேர் யோசிப்பதில்லை. மல்லிகைக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. சூரியன் ஏறுமுன் மொட்டாகப் பறிக்கிறார்கள். காலையில் மார்க்கெட், மதியத்துக்குள் சரம், விளக்கு வைக்கிற நேரத்தில் இதழ் விரிந்து மணம் எழும். உங்கள் வரவேற்புக்கு அது கணக்காகப் பொருந்துகிறது. ஆனால் மறுநாள் காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு? முதல் நாள் பூ இரவே விரிந்து களைத்திருக்கும். அன்றைய பூ அப்போதுதான் தோட்டத்திலிருந்து கிளம்பியிருக்கும். அதிகாலை மணப்பெண் தலையில் காம்போரம் பழுத்த மல்லிகையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே மல்லிகைக்குச் செலவழிக்கிற பணத்தை மாலை நேரத்துக்குச் செலவழியுங்கள். காலைக்கு வேண்டியதைக் குளிரில் அடைத்து வைக்க வேண்டும்.

விலை குறைவாக ஒரு "மல்லிகை" கிடைத்தால் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். காக்கட்டானாக இருக்கும். பார்வைக்கு வெள்ளை வெளேர் என்றிருக்கும், மணம்தான் இருக்காது. அது மட்டமான பூ இல்லை. மேடையில் உயரத்தில் தொங்கவிட அதுவே போதும். காக்கட்டான் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

மேடைக்கு என்னைக் கேட்டால் செவ்வந்தி. பனிக்கு அஞ்சாது, குளிர்சாதன மண்டபத்திலும் இரண்டு நாள் முகம் கோணாமல் நிற்கும். ஆகவே வரவேற்புக்குக் கட்டியதை அப்படியே விட்டுவிட்டு, காலையில் நடுப்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குமேல் தென்னங்குருத்து. நிஜமா செயற்கையா என்று எல்லோரும் பூவையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், குருத்தோலையை யாருமே நினைப்பதில்லை. கிளி, பின்னல், தோரணம் என்று ஓலையிலேயே மடித்துக் கட்டுகிறவர்கள் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு, கூடவே இளநீர்க் குலையும் பாக்குக் குலையும். நுழைவாயில் முடிந்தது. அங்கே ஒரு பூவும் வேண்டாம்.

மாலை மட்டும் நிஜமாகவே இருக்கட்டும். கழுத்தில் விழுவது துணியாக இருந்தால், மாலை மாற்றும்போது அது சரசரவென்று ஒரு சத்தம் போடும். முன்வரிசைக்கே கேட்கும். கட்டுகிறவரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, எடை. ரோஜாவை அடர்த்தியாக அடுக்கினால் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் பெண் ஒன்றரை மணி நேரம் அதைச் சுமந்துகொண்டு குனிந்து நிமிர வேண்டும். சம்பங்கியில் நடுவாந்திரக் கனத்தில் கட்டி, கீழே குஞ்சத்துக்கு மட்டும் ரோஜா வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, தண்ணீர். புதிதாகத் தெரிய வேண்டும் என்று கொடுக்கிற நேரத்தில் ஒரு கை தெளித்துவிடுவோம், அது எங்கள் பழக்கதோஷம். அந்த ஈரம் பட்டுப்புடவையில் இறங்கினால் கறை போகாது. உதறிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஓமப்புகை (கோவை):

மேலே உள்ளவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். மணவறையில் மட்டும் செயற்கைப் பூ வேண்டவே வேண்டாம், நெருப்புக்காகச் சொல்கிறேன்.

எங்கள் உறவுக்காரர் திருமணம் ஒன்றில் மணவறைக் கூரையிலிருந்து செயற்கை மல்லிகைச் சரங்களைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. புரோகிதர் ஓமத்தில் நெய்யை ஊற்ற ஊற்ற, அனல் மேலே போய் நடுச்சரங்களின் நுனி சுருண்டு பழுப்பாகியது. அப்புறம் உருகிய பிளாஸ்டிக் ஒரு சொட்டு விழுந்தது, அதுவும் புரோகிதரின் மேல்துண்டில். மனிதர் மந்திரத்தை நிறுத்தவில்லை, அண்ணாந்து ஒரு பார்வை மட்டும் பார்த்தார். பெண்ணின் மாமா ஸ்டூலில் ஏறிக் கத்தரியால் சரங்களை வெட்டி எடுத்தார். தாலி கட்டுகிற படத்தில் பின்னால் ஸ்டூலின் கால்களும் மாமாவின் கால்களும் இன்றைக்கும் இருக்கின்றன.

நல்லவேளை, பற்றிக்கொள்ளவில்லை. வரவேற்பு மேடையில் எதை வேண்டுமானாலும் வையுங்கள்.

பெண்ணின் அக்கா (சென்னை):

எல்லோருக்கும் நன்றி. ஸ்டூல் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்து ஓய்ந்த பிறகு மணவறை நிஜப் பூவில்தான் என்று அவரே சொல்லிவிட்டார்.

அலங்காரக்காரரிடம் மறுபடி பேசினேன். வரவேற்பு மேடையில் பின்புறத் திரை செயற்கை, முன்னால் கை எட்டுகிற இடமெல்லாம் செவ்வந்தி. மணவறை முழுக்கச் செவ்வந்தியும் குருத்தோலையும். வாசலுக்கு வாழையும் குலைகளும். 74,000 என்றார். "மல்லிகை இல்லையென்றால் எனக்கும் நிம்மதி" என்று அவரே சொன்னார். எந்தப் பூ எத்தனை கிலோ என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். கிடங்குக்கு நாளை சித்தப்பாவை அனுப்புகிறேன், குதித்தவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

மிச்சம் பூஜடைதான். ஆச்சி தன் கல்யாணத்தில் தாழம்பூவும் மல்லிகை மொட்டும் வைத்துத் தைத்த ஜடையைப் பற்றி நாள்தோறும் பேசுகிறார். மாலைகட்டி வீட்டு அண்ணா, அதிகாலை முகூர்த்தத்துக்கு மொட்டு ஜடை நடக்கிற காரியமா? இல்லை, வாடகைக்கே எடுத்துவிடலாமா?

மாலைகட்டி வீட்டுப் பிள்ளை (மதுரை):

நடக்கும் அக்கா, ஆனால் ஜடையைக் காலைக்குத் தைக்காதீர்கள். வரவேற்புக்குத் தையுங்கள். முதல் நாள் காலை வந்த மொட்டை மதியத்துக்குள் வாழை மட்டையில் வரிசையாகக் கோத்துத் தைத்துவிட்டால், மாலை ஐந்துக்குப் பின்னலில் வைத்துக் கட்டும்போது வரிகள் அச்சடித்ததுபோல இருக்கும். படம் எடுப்பதென்றால் அப்போதே எடுத்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் மொட்டெல்லாம் விரிந்து வரி கலைந்துவிடும், ஆனால் மேடை முழுக்க மணக்கும். ஆச்சியை அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாள் முழுவதும் ஊசியும் கையுமாக உட்கார ஆள் வேண்டும் என்பதால் தையல் கூலி கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்பார்கள், பேரம் பேசிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தாழம்பூவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.

காலைக்குப் பின்னலோடு சாதாரணச் சரம் போதும். முதல் நாள் மதியத்துக்குள் இறுக்கமான மொட்டாகப் பார்த்துக் கட்டி வாங்குங்கள். தண்ணீர் தெளிக்காமல், வாழையிலையில் சுற்றி, அதன்மேல் பிழிந்த ஈரத்துணியைச் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். உறைகிற தட்டில் வைத்தால் கண்ணாடிபோலாகி விடிந்ததும் கறுத்துவிடும். கீழே காய்கறி வைக்கிற தட்டுதான் சரி. நான்கு மணிக்கு எடுத்து வெளியே வைத்தால், தலையில் வைக்கும்போது விரிய ஆரம்பித்திருக்கும்.

கல்யாண வீட்டு ஃபிரிட்ஜில் யாராவது மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுங்கள். சித்தப்பாவுக்கு அந்த வேலை பொருத்தமாக இருக்கும்.