அவசரம்: வீடியோ கேமராவை மாட்டினால் 7 போட்டோ மட்டும் வருகிறது

ஈசூன்_குமரன் | வியாழன் இரவு 11:42

வணக்கம். அப்பாவின் பழைய வீடியோ கேமராவை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் மாட்டினால் 7 போட்டோ மட்டும் வருகிறது, வீடியோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அப்பா சத்தியம் பண்ணுகிறார். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டிக்கு 80, பிளாக் கீழே வாய்ட் டெக்கில் (தரைத்தளத் திறந்த இடத்தில்) சாப்பாடு, அங்கே தாத்தா பேசுகிற வீடியோவைப் போடுகிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் வாய் விட்டுவிட்டேன். எந்த சாஃப்ட்வேர் போடணும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தேக்கா_மணி | 11:50

என்ன கேமரா, மாடல் என்ன, விண்டோஸா மேக்கா? இது எதுவுமே சொல்லாமல் சாஃப்ட்வேர் கேட்டால் எப்படி?

உட்லண்ட்ஸ்_வாசி | 11:58

கேபிள்தான் பிரச்சினை. சில யூஎஸ்பி கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. கேபிளை மாற்றிப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது தடவை அதுதான்.

தேக்கா_மணி | வெள்ளி 12:03

டேட்டா போகவில்லை என்றால் அந்த 7 போட்டோ எப்படி வந்ததாம்?

பழைய_டேப் | 12:21

இந்தக் கேள்வி இங்கே வருடத்துக்கு ஆறு தடவை வருகிறது, ஆறு தடவையும் நான்தான் பதில் எழுதுகிறேன். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைக்கவில்லை. டேப்பா, கார்டா, ஹார்ட் டிஸ்க்கா என்றுகூடத் தெரியாமல் கேமராவைத் தொட்டிருக்கிறீர்கள். மானுவல் படித்துவிட்டு வாருங்கள்.

ஈசூன்_குமரன் | 12:30

சாம்பல் கலர், பக்கவாட்டில் சின்னத் திரை திறக்கும். மாடல் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. மானுவல் எல்லாம் மூன்று வீடு மாறியதில் போயே போச்சு. விண்டோஸ் லேப்டாப்.

தெம்பனிஸ்_அக்கா | 6:15

தம்பி, கேசட் போடுகிற மூடி இருக்கிறதா? அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.

ஈசூன்_குமரன் | 7:40

ஆமாம் அக்கா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு சின்ன கேசட். நான் சொல்லவில்லையா? அதில் அப்பா கையெழுத்தில் "2004 வீடு" என்று எழுதியிருக்கிறது.

தெம்பனிஸ்_அக்கா | 8:05

சொல்லவே இல்லை! அது மினிடிவி (MiniDV), சின்ன டிஜிட்டல் வீடியோ டேப். உங்கள் வீடியோ டேப்பில் இருக்கிறது, அந்த 7 போட்டோ மட்டும் உள்ளே இருக்கிற மெமரி கார்டில் இருக்கிறது. இந்த வகையில் யூஎஸ்பி துளை பெரும்பாலும் கார்டில் இருக்கிற போட்டோவை எடுக்கத்தான், டேப்பில் இருப்பது அந்த வழியில் ஃபைலாக வராது. பக்கத்தில் எங்காவது "DV" என்றோ ஐ.லிங்க் என்றோ எழுதிய இன்னொரு குட்டித் துளை இருக்கும், அதுதான் ஃபயர்வயர், டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற வழி. அதில் மாட்டி, டேப்பை ஓடவிட்டு, ஓட ஓடப் பதிவு செய்யணும். ஒரு மணி நேர டேப்புக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், டிஸ்க்கில் சுமார் 13 ஜிபி இடமும் வேண்டும்.

வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. கேசட்டின் முதுகில் நகருகிற சின்னத் தாழ் ஒன்று இருக்கும், அதை "சேவ்" பக்கம் தள்ளிவிடுங்கள். அவசரத்தில் கேமரா மோடில் வைத்து சிவப்பு பட்டனைத் தொட்டால் தாத்தா மேலேயே உங்கள் சாப்பாட்டு மேசை பதிவாகிவிடும். என் அண்ணன் மகன் நிச்சயதார்த்த டேப்பில் நானே இதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ்_வாசி | 8:20

ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை 4 பின் ஃபயர்வயர் என்று ஆன்லைனில் கேபிள் விற்கிறார்களே, அதை வாங்கினால் முடிந்தது.

பழைய_டேப் | 8:31

முடிந்தது, உங்கள் காசு. அது வெறும் கம்பி. இரண்டும் வேறு வேறு மொழி பேசுகின்றன, கம்பியைப் பிணைத்துவிட்டால் பாஷை மாறிவிடுமா? டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டு விண்டோஸில் பழைய 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) டிரைவரை ஏற்றணும், இல்லையென்றால் அந்தத் துளை உள்ள பழைய லேப்டாப்பைத் தேடணும். மேக் பக்கம் ஓடலாம் என்றும் நினைக்காதீர்கள், 2025ல் வந்த மேக்ஓஎஸ் 26ல் ஃபயர்வயரையே எடுத்துவிட்டார்கள்.

ஈசூன்_குமரன் | 12:48

லஞ்ச் நேரத்தில் எழுதுகிறேன். ஃபயர்வயர் உள்ள கம்ப்யூட்டர் யாரிடமும் இல்லை. இன்னொன்று, நேற்று டேப்பைப் போட்டதும் திரையில் தண்ணீர்த்துளி மாதிரி ஒரு படம் மின்னியது, எந்த பட்டனை அமுக்கினாலும் டேப் சுற்றவில்லை. பேட்டரி பழசு என்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தேக்கா_மணி | 12:55

இதை இப்போதுதான் சொல்கிறீர்களா? கேமராவை எங்கே வைத்திருந்தீர்கள்?

ஈசூன்_குமரன் | 12:57

பெட்ரூம் அலமாரியில். குழந்தை தூங்குவதால் அங்கே எப்போதும் ஏர்கான். ஹாலுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் மாட்டினேன்.

தேக்கா_மணி | 1:10

அப்படிச் சொல்லுங்கள். குளிரில் கிடந்த கேமராவை நம்ம சிங்கப்பூர் ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த மைலோ டம்ளரின் வெளியே நீர் பூக்குமே, அதே மாதிரி உள்ளே டேப் சுற்றுகிற உருளையிலும் பூக்கும். ஈரமான உருளையில் டேப் ஒட்டிக்கொண்டால் டேப்பும் போகும், டேப்பைப் படிக்கிற ஹெட்டும் போகும். அதனால்தான் கேமரா தானாகவே ஓடமாட்டேன் என்று நிற்கிறது, அது பழுது இல்லை. கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது ஹாலிலேயே விடுங்கள். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். அடுத்த தடவை பெட்ரூமிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக மூடி வெளியே கொண்டுவந்து, சூடு சமமான பிறகு திறந்தால் இந்தத் தொல்லை வராது.

உட்லண்ட்ஸ்_வாசி | 1:22

அரிசி டப்பாவில் ஒரு ராத்திரி புதைத்து வையுங்கள், ஈரம் எல்லாம் இழுத்துவிடும். என் ஃபோன் அப்படித்தான் பிழைத்தது.

பழைய_டேப் | 1:30

அரிசித் தவிடு டேப் பாதைக்குள் போனால் அப்புறம் பொங்கல்தான் வைக்கணும். சிலிக்கா ஜெல் பொட்டலம் என்று ஒன்று இருப்பது தெரியாதா? ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊரில் கேமராவை டிரை கேபினெட் (ஈரத்தைக் குறைக்கிற அலமாரி) இல்லாமல் வைத்திருப்பதே தப்பு. நான் 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.

உட்லண்ட்ஸ்_வாசி | 1:34

எல்லார் வீட்டிலும் உங்கள் மாதிரி கேபினெட் வைக்க இடம் இருக்கா? என் மூன்றறை வீட்டில் எனக்கே இடம் இல்லை.

தெம்பனிஸ்_அக்கா | 2:02

அரிசிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, நாளைக்கு உங்களுக்குத் தேவை ஃபைல் இல்லை, படம் ஓடினால் போதும். மூன்று கலர் (மஞ்சள், சிவப்பு, வெள்ளை) ஏவி கேபிளில் கேமராவை நேராக டீவியில் மாட்டி ஓட்டுங்கள், கம்ப்யூட்டரே வேண்டாம். அங்கே எதில் போடப்போகிறீர்கள்?

ஈசூன்_குமரன் | 2:15

மாமா ப்ரொஜெக்டர் கொண்டுவருகிறார். மஞ்சள் துளை இருக்கிறதாம், கேட்டுவிட்டேன். ஏவி கேபிள்தான் காணோம்.

பழைய_டேப் | 2:26

மஞ்சள் கம்பியா! டிஜிட்டலாகப் பதிவானதை அனலாக்காக மாற்றி வெளியே எடுக்கச் சொல்கிறீர்கள். மினிடிவி டேப்பில் இருப்பது விநாடிக்கு 25 மெகாபிட், ஃபயர்வயரில் எடுத்தால் அப்படியே அச்சு அசலாக வரும். மஞ்சள் கம்பியில் போனால் நிறமும் விளிம்பும் கலங்கிவிடும். எப்போதுதான் இதெல்லாம் உங்களுக்குப் புரியப்போகிறதோ.

தெம்பனிஸ்_அக்கா | 2:40

80 வயசுப் பாட்டி விளிம்பையா பார்க்கப்போகிறார்? பத்திரப்படுத்த ஃபயர்வயர்தான் சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு ஆறு மணிக்கு விருந்து.

பழைய_டேப் | 2:44

இப்படி "நாளைக்கு" "நாளைக்கு" என்றே எல்லோரும் மஞ்சள் கம்பியில் டிவிடி அடித்துவிட்டு டேப்பைக் குப்பையில் போட்டார்கள்.

தேக்கா_மணி | 2:50

அவர் குப்பையில் போடுவதாக எங்கே சொன்னார்? குமரன், கேமராப் பக்கம் தடிமனான ஹெட்ஃபோன் முனை மாதிரி, மூன்று கறுப்பு வளையம் போட்ட ஜாக் இருக்கும். சிம் லிம் ஸ்குவேர் பக்கம் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சிட்டி ஹால் பெனின்சுலாவில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கம்பி வரிசை மாறும். மஞ்சளில் படம் வராமல் உர் என்று சத்தம் மட்டும் வந்தால் கேபிள் கெட்டது என்று தூக்கிப்போடாதீர்கள், சிவப்பு முனையையோ வெள்ளை முனையையோ மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள்.

தெம்பனிஸ்_அக்கா | 3:05

சார்ஜரும் கொண்டுபோங்கள், அந்தப் பேட்டரியை நம்பாதீர்கள். இத்தனை வருடம் சுற்றாமல் கிடந்த டேப், அதனால் போடுவதற்கு முன் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிடுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ஹெட்டில் அழுக்கு. கிளீனிங் கேசட்டைப் பத்து விநாடி ஓட்டினால் போதும், அதுவே தேய்க்கிற சரக்கு, திரும்பத் திரும்பப் போடக்கூடாது.

உட்லண்ட்ஸ்_வாசி | சனி இரவு 9:47

என்ன ஆச்சு குமரன்? நான் சொன்ன மாதிரி கேபிள்தானே?

தேக்கா_மணி | 9:51

நீங்கள் சொன்னது யூஎஸ்பி கேபிள்.

உட்லண்ட்ஸ்_வாசி | 9:52

கேபிள் கேபிள்தான் லா.

ஈசூன்_குமரன் | ஞாயிறு 1:18

ஓடியது. துளி படம் போய்விட்டது. சிவப்பு முனையில்தான் படம் வந்தது, மணி அண்ணனுக்கு ஒரு கோப்பி கடன். 40 நிமிடம் எங்கள் பழைய ஈசூன் வீட்டுச் சுவருக்கு தாத்தா பெயிண்ட் அடிக்கிறார், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசியில் திரும்பி, "ஏய், அதை அணை, கரண்டு வீணாகுது" என்கிறார், அவ்வளவுதான் பேச்சு. பாட்டி அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை போடச் சொன்னார். எல்லோருக்கும் நன்றி.

பழைய_டேப் | 1:25

நல்லது. தாழைத் தள்ளினீர்களா? என்னிடம் ஃபயர்வயர் உள்ள பழைய டெஸ்க்டாப் சும்மாதான் கிடக்கிறது, ஆங் மோ கியோ. டேப்பைக் கொண்டுவந்தால் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஹார்ட் டிஸ்க் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

தெம்பனிஸ்_அக்கா | 7:02

பாருடா!

பழைய_டேப் | அடுத்த வியாழன் 10:40

குமரன்?