இன்டர்வியூவில் சேர்ந்து பக் (புரோகிராமில் உள்ள பிழை) தேடிய அனுபவம்

பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் போன மாதம் இன்டர்வியூ. பேனலில் இருந்தவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "ஒரே ஆர்டருக்குச் சில சமயம் ரெண்டு தடவை பணம் பிடிக்குது. புரோகிராம் கோடை நிதானமா படிங்க, நான் காபி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார். அந்தத் தனிமைதான் எனக்குப் பெரிய உதவி.

திரும்பி வந்ததும் இருவருமாக லாகை, அதாவது புரோகிராம் என்னென்ன செய்தது என்ற பதிவைப் பார்த்தோம். பேங்க் பதில் தாமதமானால் சர்வீஸ் அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறது. முதலாவதும் உள்ளே போயிருக்கிறது. ஆர்டர் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் பிடிக்கலாம் என்றேன். "ரெண்டு சர்வர் ஒரே நேரத்துல பார்த்தா?" என்று கேட்டார். இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் வரும். ஆங்கிலத்தில் தடுமாறினேன். "தமிழ்லயே சொல்லுங்க" என்றார், சேலம்காரர். அப்புறம்தான் யோசனை ஓடியது: பணம் பிடிப்பதற்கு முன்பே எண்ணைப் பதிய வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸே தடுக்கும்படி யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட வேண்டும். வேலை கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் இதை எழுதியிருப்பேன்.

மான்யதா டெக் பார்க்கிலிருந்து ஒரு வாசகர்:
நான் இன்டர்வியூ எடுப்பவன். உங்களைத் தனியாகப் படிக்கவிட்டது மிகச் சரி. 2020-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 மாணவர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருக்க வெள்ளைப் பலகையில் எழுதியவர்களின் திறன், தனியறையில் எழுதியவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே போனது. ஒரு கவலையும் உண்டு. சேர்ந்து பேசும்போது கலகலப்பாகப் பேசுபவர்களைத்தான் நமக்குப் பிடித்துப்போகும். அதனால் எல்லோருக்கும் ஒரே பக்கைக் கொடுக்கிறேன். எதற்கு எவ்வளவு மார்க் என்பதை முன்பே எழுதி வைத்துவிடுகிறேன். எந்தக் குறிப்பு கொடுத்தேன் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இன்னொரு வாசகர்:
எனக்கு நடந்தது வேறு, அண்ணா. "பேர் புரோகிராமிங்" (இருவர் ஜோடியாகச் சேர்ந்து கோட் எழுதுவது) என்றுதான் கூப்பிட்டார்கள். வந்தவர் கீபோர்டைப் பிடுங்கி அவரே டைப் செய்தார். நான் பாதியில் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போதெல்லாம் ஹெச்ஆர் போன் செய்யும்போதே கேட்டுவிடுகிறேன்: யார் லேப்டாப், எந்த புரோகிராமிங் லாங்குவேஜ், கோடைப் படிக்க நேரம் தருவீர்களா? கேட்டதற்காக யாரும் இதுவரை என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை.